கிளே டார்கெட் அடிக்க விலை குறைஞ்ச 12 போர் எது? ஞாயிறுக்குள்ள சொல்லுங்க

கல்குளம்12
எல்லாருக்கும் வணக்கம். கிளே, அதாவது மெஷின் எறியற தட்டு இலக்கு, அடிக்க ஒரு 12 போர் துப்பாக்கி (12ங்கிறது குழல் அளவு) வேணும். கையில ஒரு லட்சம் இருக்கு, அதுக்கு மேல முடியாது. தக்கலைப் பக்கம் ஒரு பழைய இங்கிலீஷ் டபுள் பேரல் (பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழல்) விலைக்கு நிக்கு. பாக்க நல்லாத்தான் இருக்கு. அத எடுக்கவா, இல்ல முன்கட்டைய இழுத்துத் தோட்டா ஏத்துற புது பம்ப் ஆக்‌ஷன் எடுக்கவா? ஞாயித்துக்கிழம முடிக்கணும். அவசரம்.

தோவாளை மேற்கு
ட்ராப்பா (இலக்கு நம்மள விட்டு விலகிப் போறது), ஸ்கீட்டா (ரெண்டு பக்கமிருந்தும் குறுக்க வர்றது)? லைசென்ஸ் இருக்கா, இனிமேதானா? வலக்கையா, இடக்கையா? எங்க போய் அடிக்கப் போறிய? இது தெரியாம யாராலயும் சொல்ல முடியாது.

குளச்சல் கரை
பம்ப் எடுங்க தம்பி. பேரலைக் கழற்றித் துடைக்க அஞ்சு நிமிஷம் போதும். கடல் காத்து அடிக்கிற ஊருக்கு அதுதான் லாயக்கு. பழைய டபுள் பேரல்ல ரிப்புக்கு (குழல் மேல ஓடுற பட்டை) அடியில துரு ஏறினா வெளிய தெரியவே தெரியாது.

பழைய ரேஞ்ச்
இதே கேள்வி எத்தனை தடவை வந்தாச்சு. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி பம்ப் ஆக்‌ஷனுக்கு அனுமதி கிடையாது. செமி ஆட்டோ (சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றுவது) ஆகும், டபுள் பேரல் ஆகும், 12 போரைவிடப் பெரிய வாய் ஆகாது. விதிப்புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் அடுத்தவர் பணத்துக்கு ஆலோசனை சொல்லக்கூடாது.

குளச்சல் கரை
அவரு போட்டிக்குன்னு சொல்லவே இல்லியே. பழகுறதுக்குப் பம்ப் போதும்.

பழைய ரேஞ்ச்
பழகிய பிறகு போட்டிக்குப் போக ஆசை வரும். அப்போது இரண்டாவது துப்பாக்கிக்குப் பணம் யார் கொடுப்பது? ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமத்தில் மொத்தமே இரண்டு துப்பாக்கிதான். ஒன்றை வீணாக்கினால் மீதி ஒன்றுதான்.

கல்குளம்12
லைசென்ஸ் இருக்கு. வலக்கை. ட்ராப். கேரளாவுல ஒரு ரேஞ்ச்ல சேரலாம்னு இருக்கேன்.

நாகர்கோவில் கிழக்கு
அப்ப துப்பாக்கிக்கு முந்தி ரெண்டு விஷயம். விக்கிறவரு கடைக்காரரா, தனி ஆளா? தனி ஆளுன்னா ஞாயிறு முடியாது. ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுல தெளிவா இருக்கு: விக்கப்போறத மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு, குறைஞ்சது 45 நாள் கழியணும். வாங்குறவருக்கு உரிமம் இருக்கணும். நம்ம மாவட்டத்துல மாஜிஸ்ட்ரேட்னா கலெக்டர்தான். அட்வான்ஸ் கொடுத்து அவசரப்படுத்தினாலும் இந்த 45 நாள் குறையாது.

ரெண்டாவது, உங்க உரிமத்துல செல்லுபடியாகும் எல்லை என்னன்னு பாருங்க. தமிழ்நாடுன்னு மட்டும் இருந்தா களியக்காவிளை தாண்டி அந்தத் துப்பாக்கியக் கொண்டுபோகக் கூடாது. ரேஞ்ச்ல சேரணும்ங்கிற காரணத்தக் காட்டி எல்லைய நீட்டிக்க முதல்ல மனு கொடுங்க.

விளவங்கோடு 76
அந்த டபுள் பேரலோட சேம்பர் (குழல்ல தோட்டா உக்காருற இடம்) நீளம் என்ன? யாரும் இத இன்னும் கேக்கல. பழைய இங்கிலீஷ் துப்பாக்கி நிறைய 65 மி.மீ., அதாவது ரெண்டரை இன்ச். இப்ப வர்ற தோட்டா பெரும்பாலும் 70 மி.மீ. இதுல ஏமாந்துபோறது எளிது, ஏன்னா தோட்டா உள்ள போயிரும், துப்பாக்கியும் மூடிரும். 70ன்னு எழுதியிருக்கிறது வெடிச்சு வாய் விரிஞ்ச பிறகு உள்ள நீளம். வெடிக்கும் முன்ன அளந்தா 58 மி.மீ. சுமார்தான் இருக்கும். வெடிக்கும்போது அந்த வாய் விரிய சேம்பர்ல இடம் இல்லாம, முன்னால இருக்கிற கூம்புக்குள்ள போய் விரியும். ரவை போற வழி அங்க குறுகிரும், அழுத்தம் ஏறும்.

பாக்குறது எப்படின்னா, துப்பாக்கிய மடக்கி ரெண்டு குழலும் காலின்னு உறுதி பண்ணிட்டு, முன்கட்டையக் கழற்றி, பேரலத் தனியா எடுங்க. சேம்பருக்கு அடியில தட்டையான பாகத்துல முத்திரை இருக்கும். 2½ன்னு இருக்கா, 2¾ன்னு இருக்கா, 65, 70ன்னு இருக்கா, டன் கணக்கு (எவ்வளவு அழுத்தத்துக்கு ஆகும்ங்கிறது) என்னன்னு எழுதிக்கிடுங்க. 3 டன்னுன்னு இருந்தா அது ரெண்டரை இன்ச்சுக்கு அடிச்ச முத்திரை. முத்திரை தேஞ்சிருந்தா ஆர்மரர் (துப்பாக்கி பழுது பாக்குறவரு) கிட்ட கேஜ் வச்சு அளக்கச் சொல்லுங்க. குழல்ல மரவரி மாதிரி சுருள் கோடு தெரிஞ்சா டமாஸ்கஸ், அதாவது இரும்புப் பட்டைய முறுக்கிச் சுத்திச் செஞ்ச பழைய காலத்துக் குழல். அத விலைக்கே கேக்காதிய.

அப்படியே பேரலைத் திரும்ப மாட்டி, முன்கட்டை இல்லாம, மூடின நிலையில பக்கவாட்டுல லேசா அசைச்சுப் பாருங்க. ஆடக்கூடாது. மேல உள்ள லீவர் மூடினப்புறம் நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நிக்கணும். இடப்பக்கம் தாண்டிப் போயிருந்தா பூட்டு தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். குழல வெளிச்சத்துக்கு நேரா வச்சு உள்ள பாருங்க. நிழல் வளையம் ஒழுங்கா வட்டமா இல்லாம ஒரு இடத்துல நெளிஞ்சா அங்க அடிபட்டிருக்கு.

மார்த்தாண்டம் வடக்கு
சேம்பர் 70ன்னே இருந்தாலும் ட்ராப்புக்கு அது சரிவராது. வேட்டைத் துப்பாக்கியில ஸ்டாக்கோட (தோள்ல வைக்கிற கட்டை) மேல்விளிம்பு தாழ்ந்திருக்கும். ட்ராப் இலக்கு எப்பவும் மேல ஏறிப் போகும், அதனால ட்ராப் துப்பாக்கியில கன்னம் வைக்கிற இடம் உயரம். தாழ்ந்த ஸ்டாக்ல கண்ணு ரிப்புக்குக் கீழ போய் நிக்கும், தலையத் தூக்கினாதான் தெரியும், தூக்கினா கன்னம் கட்டையவிட்டு விலகிரும். ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல அடிப்பிய.

கடையிலயே சோதிக்கலாம். காலித் துப்பாக்கி, பாதுகாப்பான திசை. கண்ண மூடித் தோளுக்கு ஏத்தி, கன்னம் வச்சு, கண்ணத் திறங்க. ரிப்போட மேல்பக்கம் கொஞ்சம் தெரிஞ்சு, நுனிமணி நேரா இருந்தா ட்ராப்புக்கு ஆகும். ரேஞ்ச்ல 16 கெஜத்துல காகிதம் மாட்டி அஞ்சு தோட்டா அடிங்க. ரவை விழுந்த மையம் மேலயோ கீழயோ ஒரு இன்ச் விலகினா கன்னம் வைக்கிற உயரத்துல 1/16 இன்ச் மாத்தணும். ஒட்டிக்கிற காம்ப் பேட் (கன்னம் வைக்கிற இடத்த உயர்த்துற மெத்தை) விலை கம்மி, முதல்ல அத வச்சுப் பாருங்க.

பழைய ரேஞ்ச்
இவ்வளவு சுற்றத் தேவையில்லை. ட்ராப் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல், 30 இன்ச் நீளம். அதற்குப் பணம் இல்லையென்றால் பொறுத்திருக்க வேண்டும்.

குளச்சல் கரை
பக்கத்துப் பக்கத்துக் குழல்ல அடிச்சா இலக்கு உடையாதா? அனுமதியும் இருக்கே.

விளவங்கோடு 76
உடையும். ஆனா பழைய வேட்டை டபுள் பேரல்ல வலக்குழல் பெரும்பாலும் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் (வாய் லேசா குறுகினது, ரவை பரவும்), இடக்குழல் ஃபுல் (வாய் நல்லா குறுகினது). 40 கெஜத்துல 30 இன்ச் வட்டத்துக்குள்ள முதலாவது பாதி ரவையத்தான் போடும், ஃபுல் எழுபது சதவீதம். ட்ராப்ல முதல் தோட்டாவே 30 மீட்டர் தாண்டித்தான் போய்ச் சேரும், இலக்கு 110 மி.மீ. அகலந்தான். நடுவுல ஓட்டை விழும். ஸ்கீட்டுக்குன்னா தூரம் கம்மி, அங்க இதே வலக்குழல் அருமையா வேலை செய்யும். கல்குளம் தம்பி ஸ்கீட்டுக்கு மாறினா நான் சொன்னதுல பாதி மாறிரும்.

மார்த்தாண்டம் வடக்கு
தோட்டாவையும் கணக்குல எடுங்க. ஐஎஸ்எஸ்எஃப்ல 24 கிராம் ரவைக்கு மேல கூடாது. வேட்டைத் தோட்டா அதைவிடக் கனம், தோளு வலிக்கும். ஒரு சுற்று 25 இலக்கு, ட்ராப்ல ஒரு இலக்குக்கு ரெண்டு தோட்டா அனுமதி, ஆக 50 வரை போகும். ஒரு வருஷத்துக்கு எத்தனை, ஒரே நேரத்துல எத்தனைன்னு உங்க உரிமத்துல எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கைய 50ஆல வகுத்துப் பாத்துட்டு துப்பாக்கிக்கு எவ்வளவு போடலாம்னு முடிவு பண்ணுங்க. லட்சத்தையும் துப்பாக்கியில போட்டா தோட்டாவுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

குளச்சல் கரை
எதை எடுத்தாலும் ரெண்டு மழைக்காலமும் கவனம். தோல் உறைக்குள்ள பூட்டி வைக்காதிய, ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கிடும். எண்ணெய் மெல்லிசாப் பூசி, குழல்வாய் கீழ பாத்து நிறுத்துங்க. மேல பாத்து வச்சா எண்ணெய் வழிஞ்சு ஸ்டாக் கட்டை ஊறி மெதுவாயிரும்.

பழைய ரேஞ்ச்
இது சரியான தகவல்.

கல்குளம்12
பாத்தேன். 2½, 3 டன்னுன்னு முத்திரை இருக்கு. எடுக்கல. உரிமத்துல தமிழ்நாடு மட்டுந்தான். நன்றி.

நாகர்கோவில் கிழக்கு
நல்லது. கேரளா எல்லைக்கு மனு கொடுத்துட்டு, அது வர்றவரைக்கும் ரேஞ்ச் கிளப்ல உறுப்பினராகி, கிளப் உரிமத்துல உள்ள ட்ராப் துப்பாக்கியில அங்கயே பயிற்சியாளர் முன்னால பழக முடியுமான்னு கேளுங்க. ஸ்டாக் நீளமும் காம்ப் உயரமும் உங்களுக்கு எவ்வளவு வேணும்னு அதுல தெரிஞ்சிரும். அந்த ரெண்டு அளவையும் எழுதி வச்சுக்கிட்டுக் கடைக்குப் போங்க.