ஆயா பெட்டில இருந்த தாயக்கட்டை தந்தமா எலும்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

குடியாத்தம்காரன்:
எங்க ஆயா போன மாசம் தவறிட்டாங்க. பெட்டிய தொறந்தா உள்ள தாயக்கட்டை ஒரு ஜோடி, ஒரு பேனாக்கத்தி, கருப்பா ஒரு சீப்பு கீது. தாயக்கட்டை மஞ்சளேறி வழவழன்னு இருக்கு. பழைய சாமான் வாங்கறவர் ஒருத்தர் பாத்துட்டு எல்லாமே தந்தம், எனக்கே குடுத்துடுங்கன்னு சொல்லிகினு கீறாரு. அம்மாவுக்கு குடுக்க மனசே இல்ல, நாங்க எல்லாரும் ஆயாகூட அதுலதான் தாயம் ஆடி வளந்தோம். இது இன்னாதுன்னு எப்படி கண்டுபுடிக்கிறது?

ஆற்காட்டுப் பையன்:
ஊசிய பழுக்க காய்ச்சி குத்துங்க ப்ரோ, உருகுனா பிளாஸ்டிக்.

காட்பாடி அண்ணன்:
தம்பி ஊசி வேணவே வேணாம், வடு விழுந்தா போகாது, செல்லுலாய்டா, அதான் அந்தக் காலத்து பிளாஸ்டிக்கா இருந்தா குப்புனு பத்திக்கும். வேலூர் லாங் பஜார்ல வாட்ச் ரிப்பேர் பண்றவங்க கண்ணுல மாட்டுவாங்களே, அந்த லென்ஸ் ஒண்ணு வாங்கி தாயக்கட்டையோட ரெண்டு முனையையும் பாருங்க. யானைத் தந்தம்னா குறுக்கு வெட்டுல கோடுங்க ஒண்ண ஒண்ணு வெட்டி வலை பின்னுன மாதிரி தெரியும். எலும்புல அந்த வலை இருக்காது, ரத்தம் ஓடுன நுணுக்கமான குழாய்ங்கள்ல அழுக்கு ஏறி முனையில கருப்பு புள்ளியாவும் பக்கத்துல சின்னச் சின்ன கீறலாவும் நிக்கும். கோடெல்லாம் அளவெடுத்தாப்ல ஒரே சீரா ஓடுனா பிளாஸ்டிக்கான்னு சந்தேகப்படுங்க.

சீப்ப வெளிச்சத்துல புடிங்க, ஓரம் தேன் கலர்ல தெரிஞ்சு ஏடு ஏடா உரிஞ்சா மாட்டுக்கொம்பு, நம்ம நகம் முடி எதுல ஆனதோ அதேதான் அதுவும். கத்திப்பிடி வெளிய சொரசொரன்னு வரிவரியா, முனையில நடுவுல பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்தா மான் கொம்பு. மாட்டுக்கொம்பு உள்ள வெறும் கூடு, அதுல பஞ்சு கிடையாது.

குடியாத்தம்காரன்:
அண்ணா பாத்துட்டேன், முனையில கருப்பு புள்ளி நெறைய கீது, வலை எதுவும் இல்ல. சீப்பு ஓரம் தேன் கலர்தான். ஆனா கத்திப்பிடில நீங்க சொன்ன பஞ்சு இருக்கு.

காட்பாடி அண்ணன்:
அப்போ தாயக்கட்டை எலும்பு, சீப்பு மாட்டுக்கொம்பு, தைரியமா வச்சிக்கலாம். கத்திய மட்டும் யாருக்கும் விக்காதீங்க, சும்மாவும் குடுக்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மான் கொம்பும் வருது. வேலூர் வன அலுவலகத்துல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அந்த ஆளு சொல்ற மாதிரி தந்தமாவே இருந்தாலும் விக்க முடியாது, இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கு 1986லயே தடை, ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991ல. இது தெரியாம மாட்டுனவங்க இருக்காங்க, அதான் இவ்ளோ சொல்றேன்.

அம்மாகிட்ட சொல்லுங்க, தாயக்கட்டைய சோப்புத்தண்ணில ஊற வைக்கக்கூடாது, தண்ணி ஏறி விரிசல் விட்டுடும். காஞ்ச துணில தொடச்சா போதும்.