பரண்மேல் இருந்த மரக் கேமராவும் எக்ஸ்ரே பிலிமும்: கையைக் கடிக்காமல் பெரிய பிலிமில் படம் எடுத்த அனுபவங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

எங்கள் தெருவில் நாற்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் கடையைக் காலி பண்ணும்போது என்னைக் கூப்பிட்டார். பரணிலிருந்து சாக்கில் சுற்றிய ஒன்றை இறக்கி வைத்தார். தேக்கு மரம், பித்தளைத் திருகுகள், துருத்தி மாதிரி மடிந்து விரிகிற பெல்லோஸ், ஹாஃப் பிளேட் அளவு, அதாவது 4¾ × 6½ அங்குலம். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி. ஒரு காலத்தில் தென்னிந்திய ஸ்டுடியோக்களில் இந்தக் கேமரா நிறையவே இருந்தது. ஐயாயிரம் கொடுத்தேன், அதற்கே அவர் தயங்கித்தான் வாங்கினார்.

லென்ஸில் ஷட்டர் கிடையாது. எங்கே என்று கேட்டதற்கு பித்தளை மூடியைக் காட்டி, "இதைக் கழட்டி மாட்டுறதுதான் தம்பி ஷட்டர்" என்றார்.

முதலில் செய்த வேலை பெல்லோஸைப் பார்த்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை எரியவிட்டு கேமராவுக்குள் வைத்து மூடினேன். மடிப்பு மூலைகளில் பதினோரு இடத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தது. பழைய குடைத்துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து ஒட்டினேன். காயும்வரை பெல்லோஸை முழுக்க விரித்தே வைக்க வேண்டும், மடித்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். புதுசாகத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: லென்ஸைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை உள்ளே வையுங்கள்.

பின்பக்கம் ஃபோகஸ் பார்க்கிற கண்ணாடி உடைந்திருந்தது. கண்ணாடிக் கடையில் 2 மில்லிமீட்டர் சாதாக் கண்ணாடி வெட்டி வாங்கினேன். கிரானைட் பாலிஷ் போடுகிற பட்டறையில் கார்போரண்டம் பவுடர் ஒரு பிடி கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீரில் குழைத்து, சின்னக் கண்ணாடித் துண்டால் வட்டம் வட்டமாக அரை மணி நேரம் தேய்த்தால் ஒரே சீராக மங்கிவிடும். மங்கிய பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். அந்தப் பரப்பு இருக்கிற அதே தூரத்தில்தான் பிலிமும் உட்கார வேண்டும். இந்தக் கேமராவின் செருகுப் பெட்டி கண்ணாடி பிளேட்டுக்காகச் செய்தது, பிலிம் அதைவிட மெல்லிசு, அதனால் பிலிமுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்துக் கனத்தைச் சரிக்கட்டினேன். இது தெரியாமல் எடுத்த முதல் நாலு படத்திலும் எல்லாமே மங்கல்.

பிலிமுக்கு வருகிறேன். இந்த அளவுக்கென்று பிலிம் தேடி அலைய வேண்டாம், எக்ஸ்ரே பிலிம் போதும். 8×10 அங்குலத் தாளை வெட்டினால் ஹாஃப் பிளேட் இரண்டு வரும், எனக்கு ஒரு படத்துக்குப் பதினைந்து ரூபாய்க்குள் அடங்குகிறது. ஆனால் நான் முதல் பெட்டியை வாங்கி ஏமாந்தேன். கடையில் எக்ஸ்ரே பிலிம் என்று கேட்டேன், கொடுத்தார்கள், இருட்டில் பயபக்தியாக வெட்டி, படமெடுத்து, டெவலப்பரில் போட்டால் ஒன்றுமே வரவில்லை. அது இப்போது ஸ்கேன் சென்டர்களில் பிரிண்டர் சூட்டில் படம் பதிகிற டிரை பிலிம். நமக்கு வேண்டியது இருட்டறையில் மருந்தில் கழுவுகிற பழைய வகை, பெட்டியில் 'கிரீன் சென்சிடிவ்' என்று இருக்கும். கேட்டு, படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இந்தப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே கழுவலாம். அதற்காக சாமி படத்துக்குப் போடுகிற சிவப்பு ஜீரோ வாட் பல்பை நம்பிவிடாதீர்கள். ஒரு துண்டு பிலிம்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, அந்த வெளிச்சத்தில் ஐந்து நிமிஷம் விட்டு, கழுவிப் பாருங்கள். காசு இருந்த இடம் வட்டமாகத் தெரிந்தால் அந்த பல்பு ஆகாது. எனக்கு அழகாகத் தெரிந்தது. அப்புறம் சிவப்பு எல்இடி ஒன்றை வாங்கி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன், வட்டம் போய்விட்டது.

இரண்டு பக்கமும் மருந்து பூசிய பிலிம் இது, ஈரத்தில் நகம் பட்டாலே கீறும். டிரேயின் அடியில் போட்டோ பிரேம் கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் ஒரு நேரத்துக்கு ஒரே பிலிம். எக்ஸ்ரே டெவலப்பர் பவுடரை பாக்கெட்டில் சொன்னபடி கரைத்தால் வெள்ளையும் கறுப்பும்தான் மிஞ்சும், நடுவில் ஒன்றும் இருக்காது. நான் மூன்று மடங்கு நீர்க்க வைக்கிறேன். சேலத்துச் சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே கொதிக்கும், ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் கட்டி டிரேக்குள் மிதக்கவிட்டால்தான் மருந்துப் பூச்சு இளகாமல் இருக்கும்.

முதல் உருப்படியான படம் பெரியவரைத்தான் எடுத்தேன். அவர் வீட்டுத் திண்ணை, நிழல், லென்ஸ் துளையை மிகச் சின்னதாக்கி எஃப் 45. இந்தப் பிலிமின் வேகத்தை நான் ஐஎஸ்ஓ 80 என்று வைத்துக்கொள்கிறேன், நிழலில் ஒரு நொடி போதும். நேர் வெயிலில் மூடியைக் கழட்டி மாட்டுகிற வேகம் யாருக்கும் வராது. "ஆயிரத்து ஒண்ணு" என்று அவரே எண்ணினார், உதடு அசையாமல்.

பிரிண்டில் நெற்றிக் குங்குமம் கறுப்பாக வந்தது, உதடும் கறுத்தது, சுருக்கம் ஒவ்வொன்றும் வரப்பு மாதிரி. அதற்கு முன்பே ஈர நெகடிவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து அவர் வெகுநேரம் பார்த்தார். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸை எடுத்து மறுபடியும் பார்த்தார். "கண்ணுக்குள்ள கேட்டுக் கம்பி தெரியுது பாரு தம்பி." எண்ணினேன். ஆறு கம்பி.

ஏற்காட்டிலிருந்து

அண்ணா, டிரை பிலிம் கதை எனக்கும் நடந்தது, அதைத் தனியாகச் சொல்லவில்லை. நான் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். வைத்திருப்பது 4×5 அங்குலக் கேமரா, பிலிமைச் செருகுகிற ஹோல்டர் இரண்டே இரண்டு, ஒன்றில் இரண்டு பக்கமும் பிலிம், ஆக ஒரு நடைக்கு நாலு படம். பத்து ஹோல்டர் வாங்கு என்று சொன்னார்கள், நான் வாங்கவில்லை. நாலு படம் என்றால் மூடியைத் தொடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் நின்று பார்க்கிறேன், அந்தப் பணத்தில் இன்னொரு பெட்டி பிலிமும் வந்தது. 8×10 தாளில் 4×5 சரியாக நாலு வரும், ஆனால் ஹோல்டருக்குள் நுழைய நீளத்திலும் அகலத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைத்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும்.

நீங்கள் சொன்ன குங்குமம் எனக்குக் காபிப் பழமாக வந்தது. மார்கழியில் ஒரே கொத்தில் பழுத்ததும் காயும் கலந்து இருக்கும் இல்லையா, பழம் எல்லாம் கருகருவென்று, காய் எல்லாம் வெளிறிப்போய் வந்தது. பழம் பறிக்கிற அக்கா ஒருவரிடம் காட்டினேன். "கறுப்பா இருக்கறதத்தான் நாளைக்குப் பறிக்கணும்" என்று ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். நேரில் பார்த்தால் அரைப்பழம் ஏமாற்றும், இந்தப் படத்தில் ஏமாற்றவில்லை என்றும் சொன்னார்.

பனிமூட்டத்தில் பிலிமைவிட எனக்குப் பிடித்தது போட்டோ பேப்பர். பிரிண்ட் போடுகிற அதே பேப்பரை ஹோல்டரில் வைத்து நெகடிவாக எடுக்கலாம். ஐஎஸ்ஓ 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். பகோடா பாயின்ட் போகிற வழியில், சில்வர் ஓக் நிழலில் எஃப் 22 வைத்துப் பத்து நொடிக்கு மேல் திறந்து வைத்தேன். விடியற்காலை காற்று எழுவதற்கு முன்னால் எடுத்தால்தான் மிளகுக்கொடி இலை அசையாது. ஃபோகஸ் பார்க்கத் தலைமேல் போட்டுக்கொள்கிற கறுப்புத் துணிக்குள் மூச்சை விட்டால் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும், முகத்தைத் திருப்பி விடப் பழகிக்கொண்டேன். ஒன்று மட்டும்: கிட்டப் பொருளுக்கு பெல்லோஸை நீட்டினால் வெளிச்சம் குறையும். 150 மில்லிமீட்டர் லென்ஸை 210க்கு நீட்டினால் நேரம் இரண்டு மடங்கு. காபிக் கொத்து முதல் தடவை வராமல் போனது இதனால்தான்.

அம்மாபேட்டையிலிருந்து

என்னிடம் கேமராவே இல்லை, அதனால் எழுதலாமா என்று யோசித்தேன். பிஸ்கட் டின் ஒன்றை உள்ளே கறுப்படித்து, கூல்டிரிங்ஸ் டப்பாவிலிருந்து வெட்டிய தகட்டில் ஊசியால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் துளை போட்டு, துளையிலிருந்து பேப்பர் 120 மில்லிமீட்டர் தள்ளி. லென்ஸ் கிடையாது, ஃபோகஸும் கிடையாது, 4×5 பேப்பர் மட்டும். நல்ல வெயிலில் ஒன்றேகால் நிமிஷம்.

எங்கள் தெருவில் தறிக்குப் பாவு ஓடுவதை எடுத்தேன். காலையில் தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, அப்பாவும் சித்தப்பாவும் கூட இரண்டு பேரும் நடந்து நடந்து இழை பிரித்து விடுவார்கள். டின்னைத் திண்ணையில் வைத்து, மேலே கல்லை வைத்து, துளையைத் திறந்தேன். கழுவிப் பார்த்தால் தெரு இருக்கிறது, தூண் இருக்கிறது, நூல் தெருக்கோடி வரை போகிறது, நாலு பேரில் ஒருத்தரும் இல்லை. நடந்துகொண்டே இருந்ததால் யாரும் பதியவில்லை. அப்பாவுக்கு அது வருத்தம். அவர் வேலையை எடுத்தேன் என்று சொன்னேன், அவரைக் காணோம்.

அடுத்த வாரம் அவரை மட்டும் பாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, நூற்று இருபது எண்ணினேன். வந்தார், கொஞ்சம் மங்கலாக. அதை இப்போது நேர்ப்படமாக மாற்ற வேண்டும். வீட்டில் நெகடிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுகிற என்லார்ஜர் இல்லாமல் முடியுமா?

மறுபடியும் செவ்வாய்ப்பேட்டை

தாராளமாக முடியும்மா. சிவப்பு விளக்கில் புது பேப்பரைப் பளபளப்புப் பக்கம் மேலே வைத்து, அதன்மேல் உங்கள் நெகடிவைப் படம் உள்ள பக்கம் கீழே கவிழ்த்து, கனமான கண்ணாடியை வைத்து அழுத்துங்கள். ஐந்தடி உயரத்தில் சாதாரண ஜீரோ வாட் பல்பு. முதலில் ஒரு கீற்றுப் பேப்பரை வைத்து, மூன்று மூன்று நொடிக்கு ஒரு அட்டையை நகர்த்தி மறைத்துப் பாருங்கள், எந்த நேரம் சரி என்று அதிலேயே தெரிந்துவிடும். பேப்பர் நெகடிவ் வழியாக வெளிச்சம் மெதுவாகத்தான் இறங்கும், அவசரப்படாதீர்கள். படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ மருந்தை மட்டும் கிணற்றுப் பக்கம் ஊற்ற வேண்டாம். படத்திலிருந்து கரைந்த வெள்ளி எல்லாம் அதில்தான் இருக்கிறது, கேனில் சேர்த்து வையுங்கள், வெள்ளி எடுக்கிறவர்கள் யாரிடமாவது விசாரித்துக் கொடுத்துவிடலாம்.

நீங்கள் எழுதியதைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். பாவு ஓடுகிற தெருவைப் பார்த்து வருஷம் ஆச்சு என்கிறார். அப்பாவுக்குச் சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், வருகிறோம். கேமராவை நான் தூக்கி வருகிறேன், மூடியைக் கழட்டி எண்ணுவது அவர்தான். நாலு பேரும் ஒரு நொடி நின்றால் போதும்.