எஸ்டிமேட் 38 லட்சம், கூரை மட்டத்தில் 51 லட்சம்

கோவில்பட்டி பக்கம் நாங்கள் கட்டிய வீட்டுக்கு ஆர்க்கிடெக்ட் கொடுத்த எஸ்டிமேட் 38 லட்சம். கூரை காங்கிரீட் போட்ட கையோடு அவர் நீட்டிய புதுக் கணக்கு 51 லட்சம். கேட்டதற்கு, "மார்க்கெட் ரேட் ஏறிடுச்சு சார்" என்ற ஒரே பதில்தான். வங்கிக் கடனோ பழைய எஸ்டிமேட்டை நம்பி வாங்கியது. என் மனைவி அழுதே விட்டாள்.

மொத்தத் தொகையை வைத்து வாக்குவாதம் செய்தால் ஒன்றும் நகராது. பொதுப்பணித்துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா, கூடிய 13 லட்சத்தையும் ஐட்டம் வாரியாகப் பிரிக்கச் சொன்னார். கம்பி, சிமெண்ட் ரேட்டை பில்லோடு ஒப்பிட்டோம். பெரிய வித்தியாசமே இல்லை. கரிசல் மண் என்பதால் அஸ்திவாரம் ஆழமாகப் போனதில் மூன்றரை லட்சம். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்களே கேட்டுச் சேர்த்த போர்ட்டிகோவும் பூஜை அறையும் இரண்டரை லட்சம். மிச்சம் 7 லட்சம்தான் பிரச்சினை. சுவர்ப் பூச்சு அளவில் கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிக்கவே இல்லை. கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 1200 படி, அரை சதுர மீட்டருக்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குச் சுவரின் ஒரு பக்கமாவது கழிக்க வேண்டும். பாக்கியெல்லாம் எங்களைக் கேட்காமல் வரைபடத்தில் அவர் மாற்றியவை: முகப்பில் கல் பதிப்பு, பெரிய யூபிவிசி ஜன்னல்கள்.

அவர் கட்டணம் மொத்தச் செலவில் 6 சதவீதம். அதாவது அந்த 7 லட்சத்தால் அவருக்கு 42,000 ரூபாய் கூடுதல். செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டியவருக்கு, செலவு ஏறினால் வருமானம் ஏறுகிறது! எனக்கு ஆறவே இல்லை.

எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். முதலில் கோபப்பட்டார். மாமா தாளை விரித்து ஒவ்வொரு வரியாகக் கேட்டபோது இறங்கி வந்தார். ஜன்னல்களுக்கு இன்னும் ஆர்டர் போகவில்லை, நிறுத்தினோம். கல் பதிப்பையும் விட்டுவிட்டோம். அவர் கட்டணத்தை 44 லட்சத்துக்கு மட்டும் கணக்கிடுவது என்று கையெழுத்தானது.

அப்படி முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள விதிப்படி, கொடுத்த கட்டணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கட்டடக்கலை மன்றத்திலும் புகார் கொடுக்கலாம். 1972 ஆர்க்கிடெக்ட்கள் சட்டப்படி பதிவிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, ஆனால் நம் பணத்தை வாங்கித் தராது. பணம் வேண்டுமென்றால் ஆணையம்தான். அங்கே கேட்பது ஒப்பந்தம், முதல் எஸ்டிமேட், மாற்றிய வரைபடங்கள், வாட்ஸ்அப் செய்திகள். எதையும் அழித்துவிடாதீர்கள்.