நார்த்ஹோல்ட் விமானிகளும் பக்கத்து வீட்டுப் பாட்டியும்

மேற்கு லண்டனில் ரைஸ்லிப் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு போலந்துப் பாட்டி இருந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-இல் அவருடைய அப்பா அருகிலுள்ள நார்த்ஹோல்ட் விமானப்படைத் தளத்தில், பிரிட்டனோடு சேர்ந்து ஜெர்மனியை எதிர்த்த போலந்து விமானிகளின் 303-ஆம் ஸ்குவாட்ரனில் (விமானப் படைப்பிரிவில்) மெக்கானிக். அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்ட கதைகள் என்பதால், பாட்டியின் பேச்சில் ஆட்களைவிட விமானங்கள்தான் அதிகம் வரும்.

போலந்தில் அந்த விமானிகள் ஓட்டிய பி.11 போர் விமானத்துக்குச் சக்கரம் மடங்காது. இங்கே ஓட்டிய பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேனிலோ மடங்கும்; தரையிறங்கும் முன் மறக்காமல் கீழே இறக்க வேண்டும். வேகத்தைக் கிலோமீட்டரிலும் உயரத்தை மீட்டரிலும் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே மைலும் அடியும். ரேடியோவில் வரும் ஆங்கிலம் வேறு புரியாது. அதனால் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களை உடனே சண்டைக்கு அனுப்பவில்லை. ஆனால் அவர்களில் பலர் போலந்திலும் பிரான்ஸிலும் ஜெர்மன் விமானங்களோடு மோதிவிட்டு வந்தவர்கள். எப்படித்தான் பொறுமையாக இருந்திருப்பார்கள்!

ஆகஸ்ட் 30-ஆம் தேதி பயிற்சியில் பறந்துகொண்டிருந்த லுட்விக் பாஷ்கியேவிச், எதிரி விமானத்தைக் கண்டதும் அணியை விட்டு விலகிப் போய்ச் சுட்டு வீழ்த்திவிட்டார். மறுநாளே ஸ்குவாட்ரன் களத்தில் இறங்கியது. அடுத்த ஆறு வாரங்களில் 126 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். (போர்க்காலக் கணக்குகள் எல்லா ஸ்குவாட்ரன்களிலும் உண்மையைவிடக் கூடுதலாகவே இருந்தன.) தளத்தின் தலைவர் ஸ்டான்லி வின்சென்ட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் அவரே பின்னால் பறந்து போய்ப் பார்த்தார். மிக நெருங்கிப் போய்ச் சுடும் அவர்கள் பாணியை நேரில் கண்ட பிறகு சந்தேகம் தீர்ந்தது.

இதில் மெக்கானிக்குகளுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. குண்டு துளைத்து வந்த ஹரிக்கேன்களை ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்து காலையில் நிறுத்தியவர்கள் அவர்கள். அவர்கள் பெயர் யாருக்குத் தெரிகிறது?

1946-ஐப் பற்றிப் பேசும்போது பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். ஜூன் 8 அன்று லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்புக்குப் போலந்து விமானப்படையினர் சிலருக்கு மட்டும் அழைப்பு வந்தது. தரைப்படை, கடற்படைத் தோழர்களை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். நாடு கடந்து இயங்கிய போலந்து அரசுக்குத் தந்த அங்கீகாரத்தைப் பிரிட்டன் அதற்கு முந்தைய வருஷமே விலக்கிக்கொண்டிருந்தது. பாட்டியின் அப்பா பிறந்த லுவூஃப் சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. இன்று அது உக்ரைனில் இருக்கும் லிவீவ். திரும்பிப் போக ஊர் இல்லாமல் அவர் இங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: கழுகுச் சிலையோடு நிற்கும் போலந்து விமானப்படை நினைவுத் தூண், சவுத் ரைஸ்லிப்பில் ஏ40 சாலையை ஒட்டியே இருக்கிறது. 1948-இல் திறந்தது. அப்புறம் நார்த்வுட் கல்லறைக்கும் போங்கள். 1940 செப்டம்பர் 27-இல் இறந்த பாஷ்கியேவிச்சும், அதே ஸ்குவாட்ரனில் 17 விமானங்களை வீழ்த்திய செக் நாட்டு விமானி யோசெஃப் ஃபிரான்டிஷெக்கும் அங்கேதான் இருக்கிறார்கள்.