பின் சக்கரம் இரவோடு இரவாகக் காற்று இறங்குகிறது: வேதாரண்யத்தில் நிற்கிறேன், தனுஷ்கோடி வரை போக வேண்டும்

வாடைக்காற்று எழுதியது:
சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தனுஷ்கோடிக்கு மிதிவண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன். கேரியரில் கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, கழுத்தில் 8x42 தொலைநோக்கி. நாகப்பட்டினம் வரை வண்டி ஒரு தொல்லையும் தரவில்லை. வேதாரண்யம் உப்பளப் பக்கம் உள்ளான் பறவைகளைப் பார்க்க மண் வரப்பில் இறங்கியதிலிருந்து பின் டியூப் படுத்துகிறது. ஓட்டும்போது தெரிவதில்லை, காலையில் எழுந்தால் சக்கரம் தரையோடு கிடக்கிறது. கடையில் ஒட்ட ஒட்ட மறுபடியும் அதே கதை. டயர் 700x35, வால்வு பிரெஸ்டா (ஒல்லியான வகை). டயரையே மாற்ற வேண்டுமா? அப்புறம், கோடியக்கரையில் கூடாரம் போட விடுவார்களா?

சக்கரம்சாமி எழுதியது:
டயருக்குச் செலவு செய்யுமுன் ஒன்று பாருங்கள். ஓட்டை டியூபின் எந்தப் பக்கம் இருக்கிறது? ரிம் பக்கம் என்றால் ஸ்போக்ஸ் முனையோ, அதை மூடும் ரிம் டேப் நகர்ந்துபோனதோ காரணம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவு, சுமையில் ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. தரைப் பக்கம் ஒரே புள்ளி என்றால் முள். டயரில் அச்சடித்த எழுத்துக்கு நேராக வால்வு வரும்படி மாட்டும் பழக்கம் இருந்தால், டியூபில் ஓட்டையைக் கண்டதுமே டயரில் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

வாடைக்காற்று எழுதியது:
தரைப் பக்கம்தான். ஒரே புள்ளி, வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி. புது ஒட்டும் பழைய ஒட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆனால் டயரை உள்ளே தடவிப் பார்த்தேன், ஒன்றும் குத்தவில்லை.

சக்கரம்சாமி எழுதியது:
அப்படியானால் வியாதி டியூபில் இல்லை, டயரில். சீமைக் கருவேல முள் குத்தியதும் ஒடிந்து, முனை மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். கையில் சக்கரம் இருக்கும்போது வெளியே நீட்டாது. வண்டியில் ஆளும் சுமையும் ஏறி டயர் நசுங்கும்போதுதான் உள்ளே எட்டிப் பார்க்கும். அதனால்தான் விரலில் அகப்படவில்லை. டயரை முழுவதும் கழற்றி, சந்தேகப்படும் இடத்தை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து வளையுங்கள். பஞ்சை வைத்துத் தேய்த்தால் நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கிறது. வெளியிலிருந்து ஊசியால் தள்ளி, உள்ளிருந்து நகவெட்டியாலோ சின்னக் குறடாலோ பிடித்து இழுங்கள். டயர் நன்றாகத்தான் இருக்கும், மாற்ற வேண்டாம்.

கடலூர் ரைடர் எழுதியது:
இதற்கு இவ்வளவு பாடா? ஓட்டையைத் தானாக அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றிவிட்டால் கதை முடிந்தது.

சக்கரம்சாமி எழுதியது:
டியூப்லெஸ் டயருக்கு அது சரி. டியூபுக்குள் ஊற்றினால் வால்வு அடைத்துக்கொள்ளலாம், பிறகு ஒட்டுப் போட்டாலும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். என்னைக் கேட்டால் பின் டயருக்கும் டியூபுக்கும் நடுவே முள்ளைத் தடுக்கும் ஒரு லைனர் பட்டை போடுவது மேல். கொஞ்சம் எடை கூடும், அவ்வளவுதான்.

தொண்டிக்காரன் எழுதியது:
தம்பி, இனிமேல்தான் கருவேலக் காடே வரப்போகிறது. மீமிசலிலிருந்து தேவிபட்டினம் வரை தார்ச்சாலையை விட்டு இறங்கினால் வண்டியை உருட்டாதே, தூக்கிக்கொண்டு போ. வெட்டிப் போட்ட காய்ந்த கிளை கிடந்தால் இன்னும் மோசம். இன்னொன்று: எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பது 28 இஞ்ச் சைக்கிள் டியூப். அளவில் உன் டயருக்கு ஒப்பேற்றலாம், ஆனால் பிரெஸ்டாவுக்குப் போட்ட ரிம் துளை சிறியது, ஊர் வால்வு அதில் நுழையாது. உபரி டியூபும், கடைப் பம்பில் மாட்ட அடாப்டரும் கையில் இருக்கட்டும்.

கூடாரத்தைப் பற்றிக் கேட்டாயே. கோடியக்கரைக் காடு 1967லிருந்து சரணாலயம், நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. வனத்துறையின் பூநாரை இல்லத்தில் அறை கேட்டுப் பார். வழியில் மற்ற ஊர்களில் கடற்கரை மணலில் இரவு ஆளில்லாத இடமாகத் தேடாதே. இலங்கை கிட்டத்தில் இருப்பதால் கடலோரக் காவல் படையினர் டார்ச் அடித்து எழுப்பி விசாரிப்பார்கள். அது அவர்கள் வேலை. மீனவர் குப்பத்தில் ஊர்ப் பெரியவரிடம் ஆதாரைக் காட்டிக் கேட்டால் கோயில் பக்கத்திலோ வலை பின்னும் கொட்டகையிலோ இடம் சொல்வார்கள். சாப்பாடும் வரும்!

வாடைக்காற்று எழுதியது:
கிடைத்துவிட்டது அண்ணே! கறுப்பாக, கடுகளவு முனை. பஞ்சு மாட்டியது, நகவெட்டியில் வந்தது. பழைய ஒட்டின் மேலேயே மாட்டி, சுமையோடு ஓட்டி, இரவு நிறுத்திப் பார்த்தேன். காலையில் காற்று அப்படியே. பூநாரை இல்லத்தில் கேட்கிறேன். உப்பளத்தில் பூநாரைகள் தொலைவில்தான் தெரிகின்றன, எங்கே போனால் நன்றாகப் பார்க்கலாம்?

உள்ளான் எழுதியது:
உப்பு விளைந்து வெள்ளையாக இருக்கும் பாத்திகளில் தேடாதீர்கள், அங்கே பறவைக்கு இரை குறைவு. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய பாத்திகளின் ஓரம் நில்லுங்கள், உப்பளக் காவலரிடம் கேட்டுவிட்டு. காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தொலைநோக்கியில் உப்புத் துகள் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கண்ணாடி கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். சங்கிலிக்கும் அதே வைத்தியம்தான்: நல்ல தண்ணீர், துணி, பிறகு எண்ணெய். முத்துப்பேட்டை போகும்போது உதயமார்த்தாண்டபுரத்தை விட்டுவிடாதீர்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும்.

தொண்டிக்காரன் எழுதியது:
ராமநாதபுரம் வரைக்கும் வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்று உனக்குச் சாதகம். அதற்கப்புறம் மண்டபம் நோக்கிக் கிழக்கே திரும்பினால் அதே காற்று முகத்தில் அடிக்கும், பாதி வேகம்தான் வரும். பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும், பஸ் கடக்கும்போது சட்டென்று நின்றுபோய் மறுபடி அடிக்கும். விடிந்ததும் கடந்துவிடு. தனுஷ்கோடிக்கு மதியத்துக்கு முன்னாலேயே போ, சாயங்காலம் ஆனால் அங்கே யாரையும் தங்க விடமாட்டார்கள். கூடாரத்தை ராமேசுவரத்திலேயே விட்டுவிட்டு வெறும் வண்டியில் போய் வா.