ஃபார்மல் சட்டை: தரமும் ஃபிட்டும் எதை வைத்துப் பார்ப்பது?

நீலக்கோடு:
ஆபீசுக்குப் போட நல்ல ஃபார்மல் சட்டை எடுக்க வேண்டும். கடையில் எல்லாவற்றையும் அட்டை வைத்து, ஊசி குத்தி, அழகாக மடித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல மூன்று மடங்கு, ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எந்த இடத்தைப் பார்த்தால் தரம் பிடிபடும்? அப்புறம் அளவு. ஒரே நம்பர் போட்ட சட்டை ஒரு கம்பெனியில் கச்சிதமாக இருக்கிறது, இன்னொன்றில் கழுத்து சரியாக இருந்தால் இடுப்பில் தொளதொளவென்று தொங்குகிறது. தையல் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

காஜாக்காரர்:
சட்டை தைப்பதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். வெளியே இஸ்திரி போட்டு எதையும் மறைத்துவிடலாம், உள்ளே முடியாது. அக்குளிலிருந்து கீழே வரும் பக்கத் தையலைப் பாருங்கள். நல்ல சட்டையில் துணியின் ஓரம் மடிந்து உள்ளுக்குள் போயிருக்கும், ஒரு பிசிறு கண்ணில் படாது. ஓரத்தை மடிக்காமல், அதன்மேல் நூலைச் சுற்றி வெறும் ஓவர்லாக் அடித்து விட்டிருந்தால் வேலையைச் சீக்கிரம் முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு வெளிப்பக்கம் திருப்பி அதே இடத்தைப் பாருங்கள். ஒரே ஒரு வரித் தையல் தெரிந்தால் அது ஒற்றை ஊசி வேலை, அதே தையலை மெஷினில் இரண்டு தடவை ஓட்டியிருப்பார்கள். இரட்டை ஊசி மெஷினில் இரண்டு வரியும் ஒரே ஓட்டத்தில் விழுந்துவிடும், வேகம்தான், ஆனால் பல தடவை துவைத்தபின் அந்த இரண்டு வரிக்கும் நடுவில் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கலாம்.

காலர் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். 8, 10 என்றால் சுமார். 14-க்கு மேல் இருந்தால் பொறுமையாகத் தைத்திருக்கிறார்கள். காஜாவை, அதாவது பட்டன் ஓட்டையை, விரலால் தடவிப் பாருங்கள், நூல் நெருக்கமாக இருக்க வேண்டும், நடுவில் வெட்டிய இடத்தில் பஞ்சு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பட்டனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சிப்பி பட்டன் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக்கில் அந்தக் குளிர்ச்சி தெரியாது. கோடு அல்லது கட்டம் போட்ட துணி என்றால் பாக்கெட்டைப் பாருங்கள். பாக்கெட்டில் உள்ள கோடும் அதற்குப் பின்னால் இருக்கும் துணியின் கோடும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓட வேண்டும். அப்படிச் சேர்த்து வெட்டினால் துணி வீணாகும், அதனால்தான் மலிவு சட்டையில் இதைச் செய்ய மாட்டார்கள்.

தோள்தான்முக்கியம்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எவ்வளவு நல்ல தையலாக இருந்தாலும் உடம்புக்கு உட்காராவிட்டால் பிரயோஜனம் இல்லை. தோள் தையல் தோள்பட்டை எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும், கைப்பக்கம் இறங்கினால் சட்டை பெரிசு. மேல் பட்டனைப் போட்டுவிட்டு காலருக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். இந்த இரண்டும் சரியில்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எந்த டெய்லராலும் சுலபமாகச் சரிசெய்ய முடியாது. இடுப்பு லூஸ், கை நீளம் இரண்டையும் ஆல்டர் செய்துகொள்ளலாம், முதுகில் இரண்டு டார்ட் (துணியை உள்பக்கம் மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடித்தாலே தொளதொளப்பு போய்விடும்.

பலர் கவனிக்காத ஒன்று கைக்குழி, அதாவது சட்டையின் கை உடம்போடு சேரும் வளையம். சட்டையை இன் செய்துகொண்டு இரண்டு கையையும் தூக்குங்கள். சட்டை முழுக்கப் பேண்டிலிருந்து வெளியே வந்துவிட்டால் நீளம் போதவில்லை என்று நினைத்து அடுத்த சைஸுக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் கைக்குழி ரொம்பக் கீழே இறங்கியிருப்பது, கையைத் தூக்கினால் அது உடம்புத் துணியையும் சேர்த்து இழுக்கிறது. பெரிய சைஸில் கைக்குழி இன்னும் இறங்கும், பிரச்சினையும் கூடும். ஒருமுறை உட்கார்ந்தும் பாருங்கள். பட்டனுக்குப் பட்டன் இடையில் துணி வாய் பிளந்தால் டைட்.

நூல்எண்:
துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 80, 100, 120 என்று போட்டிருப்பது நூல் எவ்வளவு சன்னம் என்பது, எண் கூடக் கூட நூல் மெலிசு. ரொம்ப மெலிசான நூல் தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், தினசரி உபயோகத்துக்குத் தாங்காது. ஆபீசுக்கு 80 முதல் 100 வரை, இரட்டை இழை நூலில் நெய்தது போதும். இஸ்திரி தேவையில்லை என்று விற்கும் காட்டன் சட்டைகளில் துணியை ரெசின் என்ற பிசின் மாதிரி ரசாயனம் போட்டு பதப்படுத்துகிறார்கள். கசங்காது, உண்மைதான், ஆனால் அந்தப் பதத்தால் காட்டன் இழையின் வலு குறைகிறது, காலர் மடிப்பும் கஃப் (மணிக்கட்டுப் பட்டி) ஓரமும்தான் முதலில் கிழியும்.

காலருக்குள் விறைப்புக்காக வைக்கும் கேன்வாஸ் துணியைப் பசை வைத்து ஒட்டியிருந்தால் மட்டம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நன்றாக ஒட்டிய காலர் விறைப்பாக நிற்கும், ஒட்டாத காலரைவிட இஸ்திரி போடுவதும் சுலபம். மட்டமான பசை என்றால்தான் துவைத்தபின் காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அப்புறம் அதற்கு வைத்தியம் கிடையாது.

நீலக்கோடு:
ரொம்ப நன்றி, கைக்குழி விஷயம் எனக்குப் புதுசு. கடைசியாக ஒன்று, போட்டுப் பார்க்கும்போதே கச்சிதமாக இருக்கும் காட்டன் சட்டையை எடுக்கலாமா, துவைத்தால் சுருங்குமே?

காஜாக்காரர்:
இடுப்பில் கச்சிதமாக இருந்தால் எடுங்கள், கழுத்திலும் கையிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். 40 செ.மீ. காலர் 2 சதவீதம் சுருங்கினாலே 8 மி.மீ. போய்விடும், புதுச் சட்டையில் ஒரு விரல்தான் போகிறது என்றால் துவைத்தபின் மேல் பட்டனைப் போட்டால் கழுத்தை இறுக்கும். 65 செ.மீ. கையில் அதே கணக்கு 1.3 செ.மீ. அதனால் புதிதாக இருக்கும்போது கஃப் மணிக்கட்டு எலும்பைத் தாண்டிச் சற்றுக் கீழே நிற்கட்டும். ஆல்டர் செய்வதாக இருந்தால் இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகு டெய்லரிடம் கொடுங்கள், முன்னால் வேண்டாம்.