புதுப்பிப்பு: கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட்டாச்சு

வேர் சிகிச்சை முடிந்த கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு பக்கச் சுவர் உடைந்துவிட்டது, கேப் போட்டே ஆக வேண்டுமா, சிர்கோனியாவா (உறுதியான வெள்ளை செராமிக் வகை) உலோகத்தின் மேல் செராமிக்கா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிர்கோனியா போட்டாயிற்று.

டாக்டர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. துளைத்துச் சுத்தம் செய்த பல்லில் மிச்சமிருக்கும் சுவர் பலவீனமானது. மெல்லும் அழுத்தத்தில் அது வேர்வரை பிளந்தால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். கேப் சுற்றிலும் பிடித்து அதைத் தடுக்கிறது. உலோகம், செராமிக் என்று இரண்டு அடுக்குக்கும் இடம் வேண்டுமானால் மேற்புறம் 1.5 முதல் 2 மி.மீ. வரை ராவ வேண்டும். முழு சிர்கோனியாவுக்கு சுமார் 1 மி.மீ. போதும். ஏற்கெனவே பாதி போன பல்லுக்கு இது பெரிய லாபம்.

லேபிலிருந்து வரும்வரை தற்காலிக கேப். மிட்டாய், அல்வா மாதிரி ஒட்டும் பண்டங்களை அந்தப் பக்கம் மெல்லவில்லை.

நிரந்தர கேப்பை ஒட்டிய அன்று இரவே ஒரு சங்கடம். வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் இடித்தது. பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள், தாடையே வலிக்கும். திரும்பப் போனதும் இடிக்கும் இடத்தில் நிறம் பதியும் தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமான புள்ளியைத் தேய்த்து மெருகேற்றினார். மெருகேற்றுவது முக்கியம், சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும்.

கேப்புக்குள் சொத்தை வருமா என்று கேட்டவருக்கு: வரும். ஈறோரத்தில் கேப் முடிகிற இடத்தில் அழுக்கு தங்கினால் அடியிலிருக்கும் சொந்தப் பல் அரிக்கும். அங்கே தினமும் பல் நூல் போடுங்கள்.